‘1080பி சப்போர்ட்’ என்று ஒட்டின 32 இஞ்ச் ரீவி உண்மையில் ஃபுல் எச்டியா?

கோணமலைக்காற்று:
திருகோணமலை டவுன் கடைகளில் 32 இஞ்ச் ரீவி பார்க்கிறேன். முன்பக்க ஸ்டிக்கரில் ‘ஃபுல் எச்டி 1080பி சப்போர்ட்’. பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 1366×768. கேட்டால் ‘ரெண்டும் ஒண்டுதான்’ என்கிறார்கள். இன்னொன்றில் ‘எச்டி ரெடி, 4கே’ என்று சேர்த்தே போட்டிருக்கு. லப்டொப்பும் கொழுவ வேணும். காசு கட்ட முதல் கடையிலேயே எப்படிச் சரிபார்க்கிறது?

உவர்மலை_வயர்:
ரெண்டும் ஒண்டில்லை. ‘சப்போர்ட்’ என்றால் அந்த சிக்னலை ரீவி வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். வாங்கினதை 1366×768 (கிடையாக 1366 புள்ளி, நிலைக்குத்தாக 768) ஆகச் சுருக்கித்தான் பனலில், அதாவது படம் தெரியும் திரையில், காட்டும். ஃபுல் எச்டியில் (1920×1080) ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளி, இதில் 10.5 லட்சம். பாதி.

‘எச்டி ரெடி’ ஐரோப்பாவில் 2005இல் வந்த லேபிள். குறைந்தது 720 வரி உள்ள அகலத்திரை, 720பி (720p), 1080ஐ (1080i) சிக்னல்களை ஏற்க வேணும், இதுதான் அதன் நிபந்தனை. 1080 வரி காட்ட வேணும் என்று அதில் இல்லை. அதோடு ‘4கே’ சேர்த்து எழுதினவர் ஏதோ ஒன்றைப் பிழையாக எழுதியிருக்கிறார்; பெரும்பாலும் 4கே வீடியோவைத் திறந்து சுருக்கிக் காட்டும் என்பதைத்தான் அப்படிப் போடுறது.

ஸ்டிக்கரை விடுங்க. ரீவியின் பின்பக்கத் தகட்டில் இருக்கும் மொடல் நம்பரை எழுத்துப் பிசகாமல் எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் ‘பனல் ரெசல்யூஷன்’ பாருங்க. கடைசி எழுத்து மாறினாலே பனலும் மாறலாம். அண்ட்ரொயிட் மெனுவில் 1920×1080 என்று காட்டினால் நம்ப வேண்டாம், அது மெனுவை வரையும் அளவு. உண்மையான 4கே ரீவியிலும் அதே இலக்கம் வரலாம்.

புள்ளிக்கணக்கு:
தளத்தில் மொடல் இல்லாவிட்டால் எண்ணிப் பார்க்கலாம். முழுச் சிவப்புப் படம் ஒன்றைத் திரை நிறையக் காட்டி, சென்ரிமீற்றர் அடிமட்டத்தைக் கிடையாகப் பிடியுங்க (பனலில் அழுத்தக் கூடாது). கிட்டப் போய் போனில் படமெடுத்துப் பெருப்பிச்சால் சிவப்புக் கோடுகள் பிரிந்து தெரியும். ஒரு சென்ரிமீற்றருக்குள்:

32 இஞ்ச்: 19–20 என்றால் 1366×768, 27 அளவில் என்றால் ஃபுல் எச்டி.
43 இஞ்ச்: 20 என்றால் ஃபுல் எச்டி, 40 என்றால் 4கே.

கிடையாக மட்டும் எண்ணுங்க. சில பனல்களில் ஒவ்வொரு புள்ளியும் மேல், கீழ் என்று ரெண்டாகப் பிரிஞ்சிருக்கும். நிலைக்குத்தாக எண்ணினால் இருமடங்கு வந்து ஏமாத்தும்.

அன்ரனாக்காரன்:
லப்டொப்பைக் கொண்டு போறதென்றால் இன்னும் லேசு. பெயின்ரில் 1920×1080 அளவில், ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று நிலைக்குத்துக் கோடுகள் போட்டு, எச்டிஎம்ஐ வழியாக 100 வீதத்தில் காட்டுங்க. சரியான பனலில் கோடு முழுத்திரையிலும் ஒரே சீராக நிற்கும். 768 பனலில் சாம்பல் பட்டைகள் அலை அலையாக வரும்.

ஆனால் ஓவர்ஸ்கான் (படத்தின் ஓரத்தை வெட்டி, மிச்சத்தைப் பெருப்பிச்சுக் காட்டுறது) போட்டிருந்தால் நல்ல ஃபுல் எச்டி ரீவியிலும் அதே அலை வரும். முதலில் படஅளவை ‘ஜஸ்ட் ஸ்கான்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ ஆக மாத்துங்க. பென்டிரைவில் படமாகப் போட்டுப் பார்க்கிறது பயனில்லை, சில ரீவிகள் படத்தைக் குறைந்த அளவில்தான் திறக்கும்.

கோணமலைக்காற்று:
நன்றி அண்ணாமார். சோபாவில் இருந்து பார்க்க இந்த வித்தியாசம் தெரியுமா? சுமார் 8 அடி.

உவர்மலை_வயர்:
32 இஞ்ச்சில் 6 அடிக்கு மேல் தள்ளி இருந்தால் சாதாரண கண்ணுக்குப் பிடிபடாது. கூரை அன்ரனாவில் வரும் சனல்களுக்கோ, மஞ்சள் ஏவி வயரில் கொழுவின பெட்டிக்கோ எந்தத் தூரத்திலும் பலனில்லை, அது 576 வரிதான். ஆனால் நீங்க லப்டொப் கொழுவப் போறீங்க. மேசையில் வைத்து எழுத்து வாசிக்க 768 பனல் சரிவராது, எழுத்தோரம் மங்கிக் கிடக்கும். ரீவி மட்டும் என்றால் காசை மிச்சம் பிடிக்கலாம் என்பேன்.

புள்ளிக்கணக்கு:
பில்லில் ‘32 இஞ்ச் ரீவி’ என்று மட்டும் எழுத விடாதீங்க. மொடல் நம்பர், சீரியல் நம்பர், ‘பனல் 1920×1080’ மூன்றும் எழுதுவியுங்க. எழுத மறுத்தால் அதுவே பதில். ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்து வையுங்க.

பொய்யாகச் சொல்லி விற்றால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கு. விசாரிக்க 1977க்கு எடுக்கலாம். முறைப்பாட்டை வாங்கின நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேணும், பில் பிரதியோடு.