சேவல் பாய்ந்து கொத்துகிறது, குஞ்சுகள் வேறு உள்ளே. அவசரம்!

அவசரக்குடுக்கை: நேற்று முழங்காலுக்குக் கீழே ரத்தமே வந்துவிட்டது. கூட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. குஞ்சுகளுக்கு யார் தண்ணீர் வைப்பது? சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.

ஈரத்திண்ணை: சேவலுக்கு எத்தனை மாதம்? பெட்டைகள் எத்தனை? குஞ்சுகள் தாயோடு இருக்கின்றனவா, பல்புக்குக் கீழா? எல்லாரையும் கொத்துகிறதா, உங்களை மட்டுமா?

கறுப்புக்கொண்டை: பெட்டை குறைவாக இருக்கும், வேறென்ன. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டையாவது வேண்டும்.

வேப்பங்கொட்டை: என்ன நிறச் செருப்பு போட்டிருந்தீர்கள்? சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டுச் சேவல் சிவப்பைக் கண்டால் மட்டும் பாயும். கோழிக்கு நிறம் நன்றாகவே தெரியும்.

ஆதிக்கூண்டு: மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வந்துவிடுகிறார். வயது சொல்வதில்லை, எண்ணிக்கை சொல்வதில்லை, 'அவசரம்' மட்டும் சொல்வார்கள். வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் படித்திருக்கலாம்.

அவசரக்குடுக்கை: மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். ஐந்து மாதச் சேவல். பெட்டை மூன்று. பொரித்த நாளிலிருந்து கையிலேயே வளர்ந்தது, தோளில் ஏறித் தூங்கும். குஞ்சு ஒன்பது, மூன்று வாரம் ஆகிறது. பல்பு போட்டு அதே கூட்டில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறேன். கொத்துவது என்னை மட்டும்தான். அம்மா போனால் ஒன்றும் செய்வதில்லை!!

ஈரத்திண்ணை: அந்தத் தோள் தூக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. கையில் வளர்ந்த சேவலுக்கு மனிதரிடம் பயம் இருக்காது. விடலைப் பருவம் வந்ததும் உங்களையும் போட்டிச் சேவலாகவே நினைக்கும். பாய்வதற்கு முன் ஒரு பக்க இறக்கையைத் தொங்கவிட்டுத் தரையில் உரசியபடி பக்கவாட்டில் நெருங்குகிறதா, பாருங்கள். அதுதான் எச்சரிக்கை. அப்போது பின்வாங்கி ஓடினால் அது ஜெயித்தது. உதைத்தால் சண்டைக்கு நீங்களும் தயார் என்று ஆகிவிடும். இரண்டும் வேண்டாம். அது இல்லாதது போல உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நேரே நடந்து போங்கள். தடித்த பேன்ட்டும் முழங்கால் வரை பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடவே வேண்டாம், அவர்கள் முகம் அதன் காலுக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்.

அப்புறம் ஒரு கேள்வி. அம்மா உள்ளே போகும்போது கையில் என்ன இருக்கும்?

கறுப்புக்கொண்டை: சேவலின் காலில் பின்பக்கக் கூர்முள் வளர்ந்திருந்தால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். ஒட்ட வெட்டிவிடாதீர்கள், உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் இருக்கிறது. குஞ்சுகளுக்கு இப்போது சூடு எவ்வளவு? முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும். மூன்றாம் வாரத்துக்கு 29 போதும்.

வேப்பங்கொட்டை: டிகிரி எதற்கு? குஞ்சைப் பார்த்தாலே தெரியும். பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. பரவலாகப் படுத்திருந்தால் சரி.

ஆதிக்கூண்டு: இப்படிக் கண்ணால் அளந்துதான் பலர் பாதிக் குஞ்சுகளை இழக்கிறார்கள். வெப்பமானி இல்லாதவர் குஞ்சு வளர்க்கக் கூடாது.

வேப்பங்கொட்டை: சரி, உங்கள் வெப்பமானி குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்கிறதா, பல்புக்குப் பக்கத்தில் தொங்குகிறதா?

ஆதிக்கூண்டு: அது இங்கே தேவையில்லாத கேள்வி.

வேப்பங்கொட்டை: தொங்குகிறது போல.

ஈரத்திண்ணை: இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள், கேட்டவர் சேவலைப் பற்றிக் கேட்டார். அவசரக்குடுக்கை, இன்னொன்று. குஞ்சுகள் பெரிய கோழிகளோடு ஒரே கூட்டில் வேண்டாம். பெரியவற்றின் எச்சத்திலிருந்து ரத்தக்கழிச்சல் குஞ்சுகளுக்கு வந்துவிடும், மூன்றிலிருந்து ஆறு வாரம்தான் அதற்கு ஏற்ற பருவம். எச்சத்தில் சிவப்பு தெரிந்தாலோ, குஞ்சு இறகைச் சிலிர்த்துக் கண்ணை மூடி நின்றாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தையும் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது.

அவசரக்குடுக்கை: அம்மாவைக் கேட்டேன். வெறுங்கையோடுதான் போகிறாராம், தண்ணீர்க் குழாயை வெளியிலிருந்தே திறந்துவிடுகிறார். நான் போவது சிவப்பு வாளியோடு. இன்று வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு போய் வாளியைக் கொத்தியது! குஞ்சுகளை வீட்டுக்குள் மாற்றிவிட்டேன்.

வேப்பங்கொட்டை: நிறம் என்று அப்போதே சொன்னேனா இல்லையா!

ஆதிக்கூண்டு: நிறமாவது. வாளியின் கைப்பிடிச் சத்தம்.

கறுப்புக்கொண்டை: மூன்றே பெட்டை இருந்தால் வாளி என்ன, எதையும்தான் கொத்தும்.

ஈரத்திண்ணை: சண்டை எதற்கு? வேறு நிற வாளியோடு போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். கைப்பிடியில் ஒரு துணியையும் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஈரத்திண்ணை: நான்கு நாள் ஆயிற்று. என்ன ஆனது?

அவசரக்குடுக்கை: துணி சுற்றிய நீல வாளியையும் கொத்தியது. இப்போது தண்ணீர் வைப்பது அம்மா. நன்றி.