போலிப் பக்கம், வக்கீல் நோட்டீஸ் இரண்டும் ஒன்றாக வந்துவிட்டன, எந்த வக்கீலைப் பார்ப்பது?

செக்காலை ரோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே கண்டாங்கிப் புடவை விற்கிறேன், கூடவே கொஞ்சம் கொட்டான், அதுதான் பனையோலைக் கூடை. இன்ஸ்டாகிராமில் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது, போன வருஷம் சொந்தமாக வெப்சைட்டும் போட்டோம். சென்ற மாதம் எங்கள் கடைப் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி யாரோ ஒரு பக்கம் திறந்து, நாங்கள் எடுத்த படங்களையே போட்டு, பாதி விலை என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். யாருக்கும் புடவை போகவில்லை. ஏமாந்தவர்கள் தேடிப்பிடித்து எங்கள் நம்பருக்குக் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள். புனேயிலிருந்து ஒரு அம்மா வக்கீல் நோட்டீஸே அனுப்பிவிட்டார், 15 நாளில் பணம் வராவிட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவாராம்.

இதற்கு நடுவில் ஒருவர் போன் செய்து தான் இன்டர்நெட் லாயர் என்றும், 25,000 முன்பணம் கொடுத்தால் 48 மணி நேரத்தில் போலிப் பக்கத்தை இறக்கிவிடுவேன், நஷ்டஈடு வாங்கித் தந்தால் அதில் 30 சதவீதம் எனக்கு என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா? இப்படித் தனியாக இன்டர்நெட் வக்கீல் என்று இருக்கிறார்களா? எங்கள் குடும்பத்தில் வக்கீல் வீட்டுப் படி ஏறியதே இல்லை, அதனால் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வெப்சைட்டில் இருக்கும் விதிமுறைகள் எல்லாம் அதைச் செய்து கொடுத்த தம்பி வேறு ஒரு பெரிய கடையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டவை. நான் முழுதாகப் படித்தது நோட்டீஸ் வந்த பிறகுதான். "விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படாது" என்று இருக்கிறது. அப்புறம் எல்லாப் புடவைக்கும் கைத்தறி என்று போட்டிருக்கிறது, ஆனால் அதில் ஆறு ரகம் விசைத்தறி. அந்த ஆறு ரகம்தான் ராத்திரி தூங்க விடாமல் உறுத்துகிறது.

கழனிவாசல் எழுதியது:

25,000 கொடுக்காதீர்கள். முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியது, போலிப் பக்கத்தை முழுதாக ஸ்க்ரீன்ஷாட் எடுப்பது. படம் மட்டும் போதாது, மேலே அந்தப் பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரிய வேண்டும். பக்கம் இறங்கிப் போன பிறகு எதையும் எடுக்க முடியாது. என் தம்பி செல்போன் கடைக்கு இதே மாதிரி வந்தபோது நாங்கள் கோபத்தில் முதலில் ரிப்போர்ட் அடித்துவிட்டோம், பக்கம் போய்விட்டது, ஸ்டேஷனில் காட்ட ஒன்றுமே இல்லாமல் நின்றோம்.

பணம் போனவர்கள் கூப்பிட்டால் சண்டை போடாமல் உடனே 1930க்குப் பேசச் சொல்லுங்கள், அது சைபர் மோசடிக்கான அரசு உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ அவ்வளவுக்குத்தான் போன கணக்கில் பணத்தை முடக்க வாய்ப்பு. அவர்கள் பணம் அனுப்பிய யுபிஐ ஐடியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்களுடையது இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். உங்கள் பங்குக்கு cybercrime என்று தேடினால் வரும் மத்திய அரசு சைபர் குற்ற இணையதளத்தில் நீங்களும் ஒரு புகார் போடுங்கள். உங்கள் பெயரை வைத்து ஏமாற்றியிருப்பதால் நீங்களும் பாதிக்கப்பட்டவர்தான்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

அக்கா, நான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கறிஞராக இருக்கிறேன். உங்கள் வழக்கை எடுக்கக் கேட்டு இதை எழுதவில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

போன் செய்தவர் சொன்னதில் இரண்டு விஷயம் போதும் அவரை விட்டு விலக. வழக்கறிஞர் தானாக ஆளைத் தேடிக் கூப்பிட்டு வேலை கேட்கக் கூடாது, பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. இணையத்தில் வக்கீல்களைப் பட்டியல் போட்டு ஆள் பிடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்ததே அதனால்தான். அதே மாதிரி, ஜெயித்து வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று பீஸ் பேசவும் நம் நாட்டில் வழக்கறிஞருக்கு அனுமதி கிடையாது. இன்டர்நெட் லாயர் என்று தனிப் பட்டமும் இல்லை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு செய்த வழக்கறிஞர்தான், அதில் சிலர் தகவல் தொழில்நுட்பச் சட்டம், வணிகச் சின்னம் (டிரேட்மார்க்), நுகர்வோர் வழக்கு என்று அதிகம் செய்திருப்பார்கள். அப்படிப்பட்டவரைத்தான் தேட வேண்டும்.

போய் உட்கார்ந்ததும் பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆன்லைன் கடைக்கு இதற்கு முன் என்ன செய்து கொடுத்திருக்கிறார் என்று கேளுங்கள். நோட்டீஸுக்குப் பதில் எழுத எவ்வளவு, வெப்சைட் விதிமுறைகளைத் திருத்தி எழுத எவ்வளவு, வழக்கு என்று வந்தால் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு ஒரு மெயிலிலாவது எழுதி வாங்குங்கள். "கண்டிப்பாக ஜெயித்துத் தருகிறேன்" என்கிறவரை விட, உங்கள் பக்கம் எங்கே பலவீனம் என்று முதல் நாளே சொல்கிறவர் நல்லவர். வக்காலத்தில், அதாவது உங்களுக்காக வாதாட அவருக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கையில் பணம் இல்லையென்றால், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி கேட்கும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100க்குப் பேசினாலும் வழி சொல்வார்கள்.

புனே நோட்டீஸை மட்டும் கிடப்பில் போடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அந்த அம்மா தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம்கூடக் கிடையாது. பதிலில், பணம் எங்கள் கணக்குக்கு வரவில்லை, அது போலிப் பக்கம், புகார் எண் இது என்று மரியாதையாக எழுதி, ஆதாரத்தை இணைத்து அனுப்பினால் நியாயமான வக்கீல் புரிந்துகொள்வார். ஸ்க்ரீன்ஷாட் கோர்ட்டுக்குப் போகும் நிலை வந்தால் 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றும் (மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ்) சேர்க்க வேண்டியிருக்கும், அதனால் எடுத்த போனை அழிக்காமல் வையுங்கள்.

படங்களைப் பற்றி ஒரு கேள்வி. யார் எடுத்தது? நீங்களே எடுத்திருந்தால் காப்புரிமை (காப்பிரைட்) உங்களுடையது. பணம் கொடுத்துப் போட்டோகிராபரை எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அதுவும் உங்களுடையதுதான், காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. தெரிந்தவர் சும்மா எடுத்துக் கொடுத்திருந்தால் உரிமை அவருக்குப் போய்விடும், ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். காப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் இல்லை, இன்ஸ்டாகிராமிலேயே இதற்கென்று ஒரு புகார்ப் படிவம் இருக்கிறது. அதை நிரப்ப வக்கீல் வேண்டாம்.

ஆத்தங்குடிக் கல் எழுதியது:

தங்கச்சி, நான் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் விற்கிறவன். வக்கீல் விஷயத்தைத் தம்பி சொல்லிவிட்டார், அந்த ஆறு ரகத்தைப் பற்றி நான் பேசுகிறேன்.

இன்றைக்கு ராத்திரியே அந்த ஆறிலும் விசைத்தறி என்று மாற்றிவிடு. நாளைக்கு என்று வைக்காதே. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு (ஒரு ஊரின் பொருளுக்குச் சட்டம் தரும் பெயர்ப் பாதுகாப்பு) கிடைத்திருக்கிறது, தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. பொய்யாக அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வருவது சிறையைப் பற்றி இல்லை. ஒருத்தர் நாள் கணக்கில் மிதித்து நெய்யும் கட்டத்தை மிஷின் சில மணி நேரத்தில் ஓட்டிவிடுகிறது, இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டால் அடிபடுவது தறிக்காரர் கூலிதான். விசைத்தறி விற்பது தப்பே இல்லை, சொல்லி விற்க வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் வெப்சைட்டில் மாற்றித் தரமாட்டோம் என்றுதான் போட்டிருந்தேன். கையால் ஊற்றுகிற கல், ஒரு கல் போல இன்னொன்று வராது, வாங்கியவர்கள் நிறம் மாறுகிறது என்று சண்டைக்கு வருவார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பாதிக் கல் உடைந்து வந்தது என்றபோது இந்த வரியைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தேன், என் வக்கீல்தான் நிறுத்தினார். 2020ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி பழுதான பொருளையோ, சொன்னதற்கு மாறாக வந்த பொருளையோ திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது, நீ எந்த மூலையில் எழுதி வைத்திருந்தாலும் அது நிற்காது என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு பக்கத்தை உட்கார்ந்து நானே தமிழில் எழுதி, அவரிடம் திருத்தி வாங்கினேன். நிறம் மாறும் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே, பகலில் எடுத்த படத்தோடு போட்டேன். இப்போது சண்டை குறைந்திருக்கிறது.

கடையின் முழுப்பெயர், முகவரி, குறைதீர்க்கும் ஆள் பெயர், நம்பர் எல்லாம் வெளியே தெரிய வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் முடித்துக்கொடுக்க வேண்டும். இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, இரண்டு மணி நேரத்தில் விலை ஏறும் என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் கூடாது, 2023 நவம்பரில் இப்படி 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். காசு கொடுத்து எழுதி வாங்கும் விமர்சனமும் வேண்டாம். பத்து வருஷப் பேரேட்டை எடுத்து நீட்டினால் ஒரு காசு பிசகாமல் ஐந்தொகை காட்டிய ஊர் இது. வெப்சைட்டும் பேரேடு மாதிரிதான் இருக்க வேண்டும்.

நெசவாளர் படம் போட்டிருந்தால் அவர்களிடம் கேட்டுப் போடு.

செக்காலை ரோடு எழுதியது:

அண்ணே, அன்றைக்கு ராத்திரியே ஆறு ரகத்தையும் மாற்றிவிட்டேன். ஏற்கெனவே கைத்தறி என்று நம்பி அதை வாங்கியவர்கள் 41 பேர், கணக்குப் புத்தகத்தில் தேடி எடுத்து எல்லோருக்கும் எழுதினேன், வேண்டாமென்றால் திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறேன் என்று. ஒன்பது பேர் திருப்பினார்கள். கையைக் கடிக்கிறது, ஆனால் தூக்கம் வருகிறது.

போலிப் பக்கம் படப் புகார் போட்ட ஆறாம் நாள் இறங்கிவிட்டது. மறுநாளே வேறு பெயரில் இன்னொன்று வந்தது, அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டுப் புகார் போட்டிருக்கிறேன். சிவகங்கையில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம், பதிவு எண்ணைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். புனேக்குப் பதில் போயிருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பணம் இன்னும் கிடைக்கவில்லை, நானே பேசி 1930 புகார் எண்ணை வைத்து எப்படிக் கேட்பது என்று சொன்னேன்.

இப்போது கடைப் பெயரைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். பெயரில் காரைக்குடிக் கண்டாங்கி என்று இருக்கிறது, கிடைக்குமா?

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

அப்படியே கிடைக்காது அக்கா. புவிசார் குறியீடு ஒரு ஊருக்கே சொந்தம், அதைத் தனி ஒருவர் வணிகச் சின்னமாக்க முடியாது. உங்களுக்கே உரிய ஒரு சொல் முன்னால் வேண்டும், வீட்டு விலாசம், அப்பத்தா கூப்பிட்ட பெயர், எதுவானாலும் சரி. அதைத்தான் பதிவு செய்ய வேண்டும், கண்டாங்கி என்பது பக்கத்தில் பொருளின் பெயராக இருக்கட்டும். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கக் காசில்லை, புடவைக்கு 24, 25 இரண்டு வகுப்பிலும் பாருங்கள். தனிநபர் ஆன்லைனில் போட்டால் அரசுக் கட்டணம் வகுப்புக்கு 4,500, கிடைத்தால் 10 வருஷத்துக்குச் செல்லும். கைத்தறி ரகங்களுக்கு, புவிசார் குறியீட்டில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தறிக்காரர்களைப் பதிவு செய்ய முடியுமா என்றும் உங்கள் வக்கீலம்மாவிடம் கேளுங்கள், வணிகச் சின்னம், புவிசார் குறியீடு இரண்டின் பதிவகமும் சென்னை கிண்டியில்தான் இருக்கின்றன.