மறு: நுழைவாயிலா, முகத்துவாரமா, புகாரா?

மட்டக்களப்பிலிருந்து:
குளத்து நீர்மட்டத்தை அளக்கும் உணரிக்கு எந்தக் கம்பியில்லாத் தொழினுட்பம் பொருந்தும் என்று வெள்ளிக்கிழமை உயர்தர மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். வைஃபை மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும். சிக்பீ சிக்கனமானதுதான், ஆனால் அதன் எட்டம் குறுகியது என்பதால் தகவலைக் கைமாற்றிவிட இடையிடையே கணுக்கள் வேண்டும். லோராவோ, வேகம் மிகக் குறைவானாலும், சில கிலோமீற்றருக்கு அப்பால் நேரே அனுப்பிவிடும். அத்தகவலை வாங்கி இணையத்துக்குக் கடத்தும் பெட்டியை 'நுழைவாயில்' என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தகவல் வெளியே அல்லவா போகிறது? உணரிக்கான கட்டளையும் அதே வழியாகத் திரும்பி வரும். வாவியின் வெள்ளம் வெளியேறவும் கடல்நீர் உட்புகவும் இடந்தரும் 'முகத்துவாரம்' என்ற சொல் எங்கள் பிள்ளைகள் கண்ணால் கண்ட பொருளைக் குறிப்பது. அதை எடுத்தாளலாமா?

காரைதீவிலிருந்து:
முகம் தமிழா வடமொழியா என்ற வழக்கை ஒத்திவைத்தாலும், துவாரம் வடமொழியே. ஆறு கடலிற் புகும் இடத்துக்குப் 'புகார்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் முதற் காண்டமே அப்பெயர் தாங்கியது. 'தரவுப்புகார்' என்போம். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய விபுலானந்தரின் ஊரில் இருந்துகொண்டு இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி?

சென்னையிலிருந்து:
இங்கே 'தரவுப்புகார்' என்று எழுதினால், தரவு திருட்டுப்போய்விட்டதென்று வாசகர் காவல் நிலையத்துக்குப் போவார்.

காரைதீவிலிருந்து:
எங்கள் பொலிசில் கொடுப்பது முறைப்பாடு. ஆகவே இங்கு அந்த மயக்கம் எழாது. உங்கள் வழக்குக்காக எங்கள் சொல்லை ஏன் கைவிட வேண்டும்?

கல்முனையிலிருந்து:
மணல் மூடிக் கிடந்து மாரியில் வெட்டித் திறக்கப்படும் முகத்துவாரம், எந்நேரமும் திறந்திருக்க வேண்டிய கருவிக்குப் பெயராகலாமா என்று தூய்மை பேசுவோர் எவரும் கேட்கவில்லையே. கொழும்பில் உள்ளவர்களுக்கு முகத்துவாரம் என்றால் ஓர் ஊர்ப்பெயர் வேறு. பரீட்சை எழுதும் பிள்ளை பாடநூற் சொல்லான நுழைவாயிலையே எழுதட்டும்.

மட்டக்களப்பிலிருந்து:
மூன்று நாள்களாகிவிட்டன; நால்வர் நுழைவாயிலுக்கு இசைந்துள்ளீர்கள். குறிப்பில் அதையே அச்சிடுகிறேன். விளக்கும்போது முகத்துவாரத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன், மணற்றிட்டை மட்டும் விட்டுவிட்டு.

காரைதீவிலிருந்து:
நான் இசையவில்லை. என் புகாரைப் பதிவில் வையுங்கள். எந்தப் பொருளில் என்பதைச் சென்னை நண்பர் தீர்மானிக்கட்டும்.