‘துளித்தெறிப்பு’: இலைப்புள்ளி நோய் பரவலுக்கு என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

நீர்த்துளி மோதித் தெறிப்பதால் நோய்க்கிருமி செடிக்குச் செடி பரவுவதை ஆங்கிலத்தில் ‘ஸ்பிளாஷ் டிஸ்பெர்சல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்தவை மழைவழிப் பரவல், மழைச்சிதறல், மழைத்தெறிப்பு.

மழைவழிப் பரவல் வேண்டாம் என்பேன். மழை நோயை ஒரே விதமாகக் கொண்டுபோவதில்லை. தக்காளியையும் கத்தரியையும் வாடவைக்கும் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா மண்ணில் கிடக்கும். வழிந்தோடும் நீரோடும் மண்வெட்டியில் ஒட்டிய சேற்றோடும் அடுத்த பாத்திக்குப் போய் வேர்க்காயத்தில் நுழையும். தக்காளி, மிளகாயில் இலைப்புள்ளி உண்டாக்கும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா அப்படியல்ல. புள்ளிமேல் மழைத்துளி மோதியதும் சிறு திவலைகள் கிளம்பிப் பக்கத்து இலையில் ஒட்டும். பூஞ்சைகளில் பல இலைத்தோலைத் துளைத்துவிடும். பாக்டீரியாவுக்கு இலைத்துளையோ காயமோ வேண்டும். காற்றோடு பெய்யும் மழை திவலையையும் எறிகிறது, இலைகளை உரசவிட்டுக் காயத்தையும் தருகிறது.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் எங்கள் குமரி மாவட்டத்தில் இந்த வேறுபாடு விவசாயிக்குக் கட்டாயம் தெரியவேண்டும். வாடலுக்கு வடிகாலும், சக்தி தக்காளி, சூர்யா கத்தரி போன்ற கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் எதிர்ப்புத்திறன் ரகங்களும், சுண்டைச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றும் உதவும். இலைப்புள்ளிக்கு நோயில்லாத விதை, மூடாக்கு, சொட்டுநீர், அப்புறம் இலை ஈரமாக இருக்கும்போது வயலில் இறங்காமல் இருப்பது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் கையேடு படிப்பவர் எதை எதற்குச் செய்வார்?

‘சிதறல்’ பிரிந்து போவதைத்தான் சொல்கிறது; மோதிய வேகம் அதில் இல்லை. பாடநூலில் ஒளிச்சிதறலும் இருக்கிறது. ‘தெறிப்பு’ சரி. எங்கள் ஊர் ஏலாவில் (வயல்வெளியில்) வேலை செய்பவரும் ‘சேறு தெறிச்சிட்டு’ என்றுதான் சொல்வார். ஈழத்தில் ஒளி பட்டுத் திரும்புவதற்குத் தெறிப்பு என்ற சொல் உண்டு என்று அங்குள்ள நண்பர் தயங்கியது நியாயம். முன்னால் ஒரு சொல் சேர்த்தால் அந்தக் குழப்பம் தீரும். ஆனால் ‘மழை’யைச் சேர்க்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் தெளிப்பான் பாசனத்திலும் இதேபோலத்தான் பரவுகிறது.

ஆகவே ‘துளித்தெறிப்புப் பரவல்’. துளி வானத்திலிருந்து வந்தாலும் தெளிப்பானிலிருந்து வந்தாலும் பொருந்தும். ‘துளித்தெறிப்பால் பரவும் நோய்’ என்று வாக்கியத்திலும் இயல்பாக உட்காருகிறது. வாடல் நோய்க்கு ‘நீரோட்டப் பரவல்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, வயலில் இதற்கு வேறு சொல் புழங்கும் ஊர்க்காரர்கள்.