கண்காணிப்புக் குழுவிடம் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியை எங்கே தேடுவது?

வணக்கம். 2006 மார்ச்சில் என் அண்ணா காணாமல் போனார். அடுத்த கிழமையே அப்பா போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு காபன் பிரதிதான். மடிப்பில் கிழிந்து, சரியாக இலக்கம் இருந்த இடத்தில் மை கரைந்துவிட்டது. திகதியும் அப்பாவின் கையெழுத்தும் தெரிகின்றன. அப்பா இப்போது இல்லை.

குழுவில் நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து நாட்டவர்கள் இருந்தார்கள். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்த பிறகு அதன் உறுப்பு நாடுகள் மூன்றும் விலகின. 2008 ஜனவரியில் அரசும் புலிகளும் 2002இல் செய்த போர்நிறுத்த உடன்படிக்கையே முடிவுக்கு வந்து மற்றவர்களும் போய்விட்டார்கள். முறைப்பாட்டை எடுத்தவர் எந்த நாட்டவர் என்று தெரியாது. உயரமான ஒருவர், பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்று அப்பா சொன்னது மட்டும் அம்மாவுக்கு நினைவிருக்கிறது.

வெளிநாட்டு அலுவலகம் ஒன்றுக்கு இரண்டு முறை மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. இங்கே ஓரிடத்தில் "அது எங்கட கோப்பு இல்லை" என்றார்கள். அலுவலகம் இருந்த வீதியிலும் வீடு வீடாக விசாரித்துவிட்டேன். அம்மாவுக்கு 74 வயது. அண்ணாவைப் பற்றிய விசாரணைக்கு முன் அந்த முறைப்பாட்டுக் கடிதத்தை முழுதாக அவர் கையில் கொடுக்க வேண்டும்.

அங்கே வேலை செய்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்: யாழ்ப்பாண அலுவலகத்தின் முறைப்பாட்டுக் கோப்புகள் இப்போது எங்கே இருக்கின்றன?