கட்டுரை நோட்டு முழுக்கச் சிவப்பு மை, ஆனால் எழுத்து மாறவே இல்லை

கேள்வி – எட்டாம்வகுப்பு_டீச்சர்
வாரம் ஒரு கட்டுரை எழுத வைத்து, ஒற்றுப்பிழை, ல-ள-ழ குழப்பம், ஒருமை பன்மை என்று ஒன்று விடாமல் சுழித்துத்தான் நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன். அடுத்த வாரமும் அதே பிழைகள்தான். அதைவிடக் கடுப்பு, எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் "மனித வாழ்வில் இன்றியமையாதது" என்று தொடங்கி "எனவே நாம் அனைவரும்" என்று முடிக்கிறார்கள். இடைவேளையில் அவ்வளவு சுவாரசியமாகக் கதை அளக்கிற பிள்ளைகள் பேனாவை எடுத்ததும் ஏன் இப்படி ஆகிவிடுகிறார்கள்?

பழைய_வாத்தியார்
டீச்சர், நானும் பல வருடம் சிவப்புப் பேனாவோடு மல்லுக்கட்டியவன்தான். முப்பது சுழி இருந்தால் பையன் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவான். வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை எடுங்கள். உதாரணமாக "புத்தகத்தைப் படித்தான்", "கடைக்குப் போனான்": ஐ, கு வெளிப்படையாக வந்து அடுத்து க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும், இந்த வாரம் அது மட்டும்தான். பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், எங்கே என்று அவனே தேடட்டும். மற்ற பிழைகளைக் கண்டும் காணாமல் விட மனசு வராது, தெரியும்!

வாக்கியப்_பித்தன்
இலக்கணத்தைத் தனியாக நடத்துவதால் கட்டுரையின் தரம் கூடுவதில்லை என்று கல்வி ஆய்வாளர்கள் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் இருவரும் 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். திட்டமிடவும் திருத்தி எழுதவும் படிப்படியாகக் கற்றுத்தருவது நல்ல பலன் தந்தது, சிறு வாக்கியங்களை இணைக்கும் பயிற்சியும் உதவியது. அந்த இணைப்புப் பயிற்சிக்குத் தமிழில் நம் வினையெச்சமே போதும். பலகையில் மூன்று வாக்கியம் எழுதுவேன்: "நாய் வந்தது. செருப்பைக் கவ்வியது. ஓடியது." ஒருத்தி "வந்த நாய் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது" என்றாள், இன்னொருவன் "செருப்போடு ஓடியே விட்டது நாய்" என்றான். எது காதுக்கு நன்றாக இருக்கிறது என்று பத்து நிமிடம் சண்டை, அந்தப் பத்து நிமிடம்தான் பாடமே. ஒரு ஆபத்து: ருசி கண்டுவிட்டால் வந்து, பார்த்து, எடுத்து, போய் என்று பக்கம் முழுக்க ரயில் ஓட்டுவார்கள், அப்போது வெட்டவும் சொல்லித்தர வேண்டும்.

நடுபெஞ்சு
தலைப்பும் காரணம் டீச்சர். "நூலகத்தின் பயன்கள்" என்றால் யாராலும் இன்றியமையாததைத் தாண்ட முடியாது. "நான் திருப்பிக் கொடுக்காத புத்தகம்" என்று கொடுத்துப் பாருங்கள். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுத் தமிழிலேயே சொல்லட்டும், அப்புறம் எழுத்து வழக்குக்கு மாற்றட்டும். கதை அளக்கிற பிள்ளை எழுதும்போது ஊமையாவதற்குப் பாதிக் காரணம் இந்த இரண்டு தமிழுக்கும் நடுவே இருக்கிற பள்ளம். நீங்களும் அவர்கள் எதிரிலேயே பலகையில் எழுதி, அடித்து, மாற்றி எழுதுங்கள். டீச்சரும் அடித்து எழுதுவார் என்பதே பலருக்குச் செய்தி.

எட்டாம்வகுப்பு_டீச்சர்
தேர்வில் முன்னுரை, முடிவுரை இல்லையென்றால் மதிப்பெண் போகுமே, அதனால் அந்தச் சட்டத்தை அடியோடு விட முடியாது. ஆனால் புள்ளி வைக்கிற முறையையும் தலைப்பையும் இன்று செய்தேன். "திருப்பிக் கொடுக்காத புத்தகம்" என்றதும் ஒருவன் எழுந்து, "டீச்சர், உண்மையை எழுதினால் அபராதம் கட்டணுமா?" என்கிறான். இல்லை என்றேன். ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டான், ஒற்றுதான் ஏழு இடத்தில் இல்லை.