கடலூர் அரசுப் பள்ளிக் கட்டடம்: புதுப்பிப்பு

எங்கள் பகுதி அரசுப் பள்ளியில் மதியமானால் வகுப்பறைகள் புழுங்குகின்றன, கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் யோசனை சொன்னீர்கள். நன்றி; வேலை நடந்திருக்கிறது.

முதலில் காற்று. 2011-இல் வந்த ‘தானே’ புயலில் உடைந்த கிழக்கு ஜன்னல்களைப் பலகை அடித்து மூடி, முன்னால் பீரோக்களையும் நிறுத்தியிருந்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரே அவற்றை நகர்த்திப் பலகைகளைக் கழற்றினார்கள். இப்போது பிற்பகல் கடற்காற்று உள்ளே நுழைந்து மேற்குச் சுவரின் வென்டிலேட்டர் வழியே வெளியேறுகிறது. பெரிய செலவே இல்லை! எந்தப் பள்ளியிலும் விசிறி வாங்குமுன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய மின்விசிறி 75 வாட் வரை இழுக்கும். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள) விசிறிக்கு 30 வாட் அளவு போதும். முன்னாள் மாணவர்கள் சில வாங்கித் தந்தார்கள்.

குழாய்தான் பெரும்பாடு. உப்புக் காற்றில் இரும்பு இற்றுப்போய், பிளம்பர் ஒரு திருகு திருகியதும் குழாய் வளைவில் உள்ள முழங்கை (எல்போ) இணைப்பு துருவாக உதிர்ந்து கையோடு வந்துவிட்டது. முழுவதும் பிவிசி போட்டாயிற்று. மேல்தொட்டிக்குப் புது மிதவை வால்வு வந்ததால் தண்ணீர் வழிந்து வீணாவதில்லை. மாணவிகள் கழிப்பறையில் தண்ணீர் நாள் முழுவதும் வருகிறது. எனக்கு இதில்தான் பெரிய நிம்மதி.

மொட்டை மாடிக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு பாக்கி. கோடை விடுமுறையில் அடிக்கப் போகிறோம். அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்.